பாஹிமாவின் நீலக்கதவு

அத்தியாயம் 11

சாய்ந்தமருதில் பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கூரையை. அடுத்தது மதில், கிணறு, வாகனம் நிறுத்த இடம். நேரம் மிஞ்சினால் பெண்.

வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுகிறவர். மனைவி இருக்கும்வரை அவர் வீட்டுக்காரர். அவள் மௌத்தானால் வீடு மகளுடையது. இவர் மகள் வீட்டில் இருக்கிற வாப்பா. இதில் யாருக்கும் கோபமில்லை. எங்கள் ஆண்கள் கடையை ஆள்வார்கள், பள்ளிவாசல் நிருவாகத்தை ஆள்வார்கள், மேடை கிடைத்தால் உலகத்தையே ஆள்வார்கள். வயதான காலத்தில் தங்கள் கட்டில் எந்த அறையில் கிடக்கும் என்பதை மட்டும் மருமகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

ஓய்வுபெற்ற அதிபர் பளீல் சேரின் கட்டில் முன்னறையில் கிடந்தது.

மனைவி ஹாஜறா மௌத்தாகி வருடம் திரும்புமுன் பெரிய அறைக்கு மகள் நஸ்லியாவும் மருமகன் ஜுனைடும் போனார்கள். கல்முனை பஸாரில் ஜுனைடுக்குப் புடவைக்கடை. கடையில் இடம் போதாத சாரத் துணிக்கட்டுகள் முன்னறைக்கு வந்தன. மணியடித்து ஒரு பாடசாலையையே எழுந்து நிற்கவைத்த மனிதர், காலை நீட்டுவதற்கு முன் ஒரு சாரக்கட்டைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

அந்தக் கட்டுகளுக்கு நடுவில் படுத்தபடிதான் அவர் பாஹிமாவைக் கண்டெடுத்தார். முகநூலில் அவர் எழுதிய ‘ஒழுக்கமும் இன்றைய மாணவரும்’ என்ற நெடுங்கட்டுரையைக் கடைசிவரை வாசித்ததாகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். துருக்கியில் தாதி, விதவை, சொந்த இடம் கொழும்புப் பக்கம். அவரைச் சேர் என்று கூப்பிட்டாள். சேர் மார்க்கம் பேணுகிறவர். அந்நியப் பெண்ணோடு சும்மா கதைக்க அவருக்கு விருப்பமில்லை, உங்களுக்கு வலி, அதாவது நிக்காஹுக்குச் சம்மதம் சொல்லும் பொறுப்பாளர், யார் என்று கேட்டார். உடனே அவளுக்கு மூத்தவர், பஹ்மி என்றொரு காக்கா தொலைபேசியில் வந்து, கண்ணியமாகச் சலாம் சொல்லி, தங்கச்சியை உங்களைப் போன்ற ஒருவரிடம் ஒப்படைப்பது தன் பாக்கியம் என்றார். பெண்பிள்ளை, வலி, சம்மதம் எல்லாம் முறைப்படி வந்துவிட்டன. ஆட்கள்தான் வரவில்லை.

பிறகு வீடு வந்தது, வாட்ஸ்அப்பில். வெள்ளைச் சுவர், நீலக்கதவு, மாடியில் மரத்தாலான விறாந்தை. நிக்காஹ் முடிந்து நாம் இருக்கப்போகும் வீடு என்று கீழே எழுதியிருந்தது.

முகம் காணாத பெண்ணொருத்தி வீடு தருகிறேன் என்றால் வேறு ஊர் ஆண் பயந்திருப்பான். பளீல் சேருக்கு நேர்மாறு. வீடு இல்லாமல் வந்திருந்தால்தான் அவளை அவர் சந்தேகித்திருப்பார்.

அந்த வீட்டுக்கான தளபாடம் வந்த கொள்கலனைத் துறைமுகத்தில் பிடித்துவைத்திருப்பதாக அவள் அழுததும், அதை விடுவிக்க அவருடைய சேமிப்பு போனதும், அது போதவில்லை என்று தெரியவந்ததும் சென்ற வாரம் வரை நடந்தவை. வரும் திங்கட்கிழமை, பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் சவளக்கடை வயலை விற்றுக் கையெழுத்து வைக்கப்போகிறார். அவருடைய வாப்பாவிடமிருந்து அவருக்கு வந்த வயல். உலகத்தில் அவர் பெயரில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

இன்று சனிக்கிழமை.

*

வாப்பா பெருமையாகக் காட்டிய நீலக்கதவின் படத்தை நஸ்லியா நேற்றுத் தன் போனில் தேடிப் பார்த்தாள். அறுகம்பேயில் வெள்ளைக்காரருக்கு அறை விடும் விடுதியொன்று வந்தது. அதே கதவு, அதே விறாந்தை. கீழே, காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு என்ன விலை என்று போட்டிருந்தது.

ஓடிப்போய் வாப்பாவிடம் காட்டினாள். சேர் கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தார். பாஹிமாவின் வீட்டுப் படத்தை எவனோ களவெடுத்து வியாபாரம் செய்கிறான் என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு விடவில்லை. நம்மைப் பிரிக்க உங்கள் குடும்பத்திலிருந்தே ஒருவர் ஏதாவது கொண்டுவந்து காட்டுவார் என்று பாஹிமா முன்னமே சொல்லியிருந்தாளாம். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று வியந்தார்.

எதிரி ஆதாரத்தை வெட்டி எறிந்தால் மறுபடி பொறுக்கிக்கொண்டு வரலாம். அதைத் தன் பக்கத்துச் சாட்சியாக எழுதிக்கொண்டால் என்ன செய்வது? நஸ்லியா அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் ஜுனைடிடம், படம் காட்டிச் சரிவராது, சுவரைத் தொடவைக்க வேண்டும் என்றாள்.

அதனால்தான் பொத்துவில் பக்கம் ஒரு அலுவல் இருப்பதாகவும், மாமாவும் வந்தால் காற்று வாங்கிய மாதிரி இருக்குமென்றும் ஜுனைட் சொன்னான். பளீல் சேர் பிரதம அதிதியாக அழைக்கப்பட்டவரைப்போலச் சற்று யோசித்து, பிறகு சம்மதித்தார். தாடிக்குப் புதிதாக மருதாணி இட்டிருந்தார். முன் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தச் சொன்னார்.

நிந்தவூர் தாண்டுமுன் பழைய ஆசிரியர் ஒருவர் அழைத்தார். இன்றைய பரீட்சை முறையின் சீரழிவு பற்றிச் சேர் விளக்கினார். சலாம் சொல்லி முடித்து, போனை அப்படியே சட்டைப்பையில் வைத்தார். ஊரறிந்த பழக்கம் இது. அழைப்பை முதலில் துண்டிப்பது மரியாதைக் குறைவு, மற்றவர்தான் துண்டிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மற்றவர் மறந்தால் பை பாட்டுக்கு ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். பள்ளிவாசல் திருத்த வேலைக்கான கூட்டமொன்றைச் சீமெந்து வியாபாரி ஒருவர் தன் கடையில் இருந்தபடியே முழுதாகக் கேட்டு, மறுநாள் விலையை ஏற்றியது அண்மைக்காலச் சரித்திரம்.

அக்கரைப்பற்றில் ஜுனைட் தேநீருக்கு நிறுத்தினான். சேர் கைகழுவப் போன நேரம், இப்பவே சொல்லிவிடுவோமா என்று கேட்டான். நஸ்லியா வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"சொன்னா அவருக்கு ஒரு பதில் வரும். காணட்டும்."

"கண்டாலும் வந்தா?"

தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது.

திருக்கோவில், கோமாரி. ஒரு பக்கம் கடல் வந்து வந்து மறைந்தது. சேர் நல்ல மனநிலையில் இருந்தார். நாட்டின் பொருளாதாரம், மீனின் விலை, மருமகன் கியர் மாற்றும் முறை எல்லாவற்றிலும் குறை கண்டார். பின்னால் இருந்த நஸ்லியா, கண்ணாடியில் அவருடைய மருதாணித் தாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த முகத்தை உடைக்கப்போகிறோம் என்ற நினைப்பு அவளை விடவில்லை. உம்மா மௌத்தான நாளில்கூட அவர் அழுததை அவள் காணவில்லை. இன்று காணவேண்டி வருமோ என்று பயந்தாள்.

வேறெதையோதான் காண இருந்தாள்.

*

அறுகம்பேயில் சீசன். அலைச்சறுக்குப் பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிய வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். சேர் அவர்களுடைய உடையைப் பார்க்காதிருக்கும் பொருட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜுனைட் மணல் ஒழுங்கையொன்றில் திருப்பி, தென்னைகளுக்குக் கீழே காரை நிறுத்தினான்.

வெள்ளைச் சுவர். நீலக்கதவு. மாடியில் மர விறாந்தை, அதில் காய்கிற ஈரத் துவாய்கள்.

சேர் இறங்கினார். இரண்டடி வைத்து நின்றார். நஸ்லியா அவருக்குப் பக்கத்தில் போய், விழுந்தால் பிடிக்கலாம் என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

அவர் விழவில்லை. மெல்ல நடந்து போய் வாசல் தூணைத் தொட்டார். பிறகு கதவை, உள்ளங்கையால், குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. திரும்பியபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தியா மகள். எனக்குச் சொல்லவே இல்ல."

"என்ன வாப்பா சொல்றீங்க?"

"கொழும்புப் பக்கம் எண்டுதான் சொன்னவ. மகளை விட்டுப்போட்டு அவ்வளவு தூரம் வர ஏலாது எண்டு நான் போன மாசம் சொன்னன். அதுக்குத்தான். நமக்குக் கிட்ட, கடற்கரையில, சத்தமில்லாம வாங்கியிருக்கா."

ஜுனைட் மனைவியைப் பார்த்தான். அவள் வாய் திறந்தபடி நின்றாள். வாகனத்துக்கு எண்ணெய் அடித்து, இவ்வளவு தூரம் வந்து, தன் கையாலேயே வாப்பாவை அந்த வீட்டுக்குள் குடியேற்றியிருக்கிறாள்.

ஜுனைட் உள்ளே போய் விடுதியைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூட்டிவந்தான். நஸீர் என்று பெயர், பொத்துவில்காரர், ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார். இந்த இடம் யாருடையது என்று நஸ்லியா கேட்டாள்.

"ஓனர் வெளிநாட்டில" என்றார் நஸீர்.

பளீல் சேர் மகளை ஒரு பார்வை பார்த்தார். கணக்கின் விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்க்கிற பார்வை. ஓனர் ஒரு ஜெர்மன்காரர் என்றும், மனைவியோடு வருடத்தில் ஒருக்கால் வந்து போவார் என்றும், பாஹிமா என்ற பெயரைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றும் நஸீர் தொடர்ந்து சொன்னார். அதெல்லாம் சேரின் காதில் விழவில்லை. தேவையான சொல் கிடைத்ததும் அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

அறை ஏதும் வேண்டுமா என்று நஸீர் கேட்டார். என் வீட்டில் எனக்கே அறை வேண்டுமா என்று கேட்கிறார் பாருங்கள் என்று சேர் ஜுனைடிடம் சொல்லிச் சிரித்தார். தூணின் பூச்சு சரியில்லை என்று நஸீரைக் கண்டிக்கவும் செய்தார். நஸீர் எத்தனையோ விதமான ஆட்களைக் கண்டவர். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நஸ்லியாவிடம் இன்னும் ஒரு வழி மிச்சமிருந்தது.

"இப்ப அவக்கு எடுங்க வாப்பா. வீட்டப் பத்தி ஒரு கேள்வி கேளுங்க. இந்த வீடு அவடதான் எண்டா அவக்குத் தெரியும்தானே."

பரீட்சை என்றதும் சேர் நிமிர்ந்தார். அது நியாயமான கோரிக்கை என்றும், உண்மை சோதனைக்கு அஞ்சாது என்றும் அறிவித்தார். போனைப் பலருக்கும் கேட்கும்படி போட்டு, நெஞ்சுக்கு நேரே பிடித்தார். அவள் உடனே எடுத்தாள். மென்மையான குரல். சலாம் சொல்லி, சேர் சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா என்று கேட்டது. இரண்டையும் அன்று காலை தான் கேட்கவில்லை என்பது நஸ்லியாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

சேர் தொண்டையைச் செருமினார்.

"நமது வீட்டின் வாசலில் நின்றால் இடது பக்கம்தானே கடல்?"

நஸ்லியா கண்ணை மூடினாள். ஐந்தாம் வகுப்பில் அவள் அவரிடம்தான் படித்தாள். கல்வி அதிகாரி பாடசாலையைப் பார்க்க வந்த நாள் நினைவிருந்தது. வாப்பா கடைசி வாங்கிலிருந்த மக்குப் பிள்ளையை எழுப்பி, மகாவலி திருகோணமலையில்தானே கடலில் சேருகிறது என்று கேட்டார். ஓம் சேர் என்றது பிள்ளை. அதிகாரி மெச்சிவிட்டுப் போனார். விடையைக் கேள்விக்குள் வைத்துக் கொடுப்பது வாப்பாவுக்குக் கைவந்த வித்தை. அவரிடம் படித்து ஃபெயிலான பிள்ளையே இல்லை.

"ஓம் சேர், இடது பக்கம்தான்" என்றது போன்.

"கதவு நீலம். மாடியில் மர விறாந்தை. தென்னை மரங்கள்."

"ஓம். நான்தான் சொல்லிச் செய்வித்தது." ஒரு சின்ன இடைவெளி. "நீங்க இப்ப எங்க ஈக்கிறீங்க சேர்?"

"அறுகம்பேயில். வாசலில் நிற்கிறேன். எனக்குச் சொல்லாமல் இங்கே வாங்கிவிட்டீர்கள் அல்லவா?"

இடைவெளி இந்தமுறை நீண்டது. மூவரும் அந்தச் சிறிய கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனுக்குள், துருக்கியில் ஒரு மோட்டார்சைக்கிள் போனது. அதன் பின்னால் ஒரு தம்பி, லொத்தர் சீட்டு விற்கும் சிங்களப் பாட்டொன்றோடு போனான். ஜுனைட் அதைக் கேட்டான். நஸ்லியாவும் கேட்டாள்.

பிறகு அழுகை வந்தது. கெடுத்திட்டீங்களே சேர், நிக்காஹ் அன்றைக்குக் காட்டத்தானே மறைத்து வைத்திருந்தேன் என்று குரல் விம்மியது. சேரின் கண்கள் கலங்கின. திங்கட்கிழமை வயல் அலுவல் முடிந்துவிடும், கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். சலாம் சொன்னார். போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

"பரீட்சையில் சித்தியடைந்தார்" என்று ஜுனைட் முணுமுணுத்தான்.

*

தென்னைக்குக் கீழே கிடந்த வாங்கில் சேர் அமர்ந்தார். நஸ்லியா மணலில், அவர் காலடியில் இருந்தாள். கெஞ்சுவதா, கத்துவதா, சிங்களப் பாட்டைச் சொல்வதா என்று தெரியவில்லை. சொன்னால் துருக்கியில் இலங்கையர் அதிகம் என்று ஒரு பதில் வரும்.

"உங்களுக்கு இங்க என்ன குற வாப்பா?" என்று கேட்டாள். கேட்டபின்தான், அதை அவள் முதல்தடவை கேட்கிறாள் என்று பட்டது.

சேர் பதில் சொன்னபோது மேடைத்தமிழ் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"ஒரு குறையும் இல்ல மகள். நீ நல்லாத்தான் பாக்காய். மஃரிபு தொழுதிட்டு வந்தா கேற்றில நிண்டு செருமுறன். எதுக்குத் தெரியுமா? உள்ள உன்ட புரியன் எப்பிடி இருக்காரோ, வரலாமோ எண்டு. நாப்பது வருசம் அந்தக் கேற்றத் தள்ளிக்கிட்டு வந்தவன். இப்ப செருமுறன்."

ஜுனைட் கடலைப் பார்த்தான். தினமும் அந்தச் செருமலைக் கேட்டிருக்கிறான். மாமாவுக்குச் சளி என்று நினைத்திருந்தான்.

"அவ ஒரு கதவு காட்டினா" என்றார் சேர். "செருமாமப் போகலாம் எண்டு இருந்திச்சு. அவ்வளவுதான்."

அலை ஒன்று உடைந்து இழுபட்டுப் போனது. பிறகு நஸ்லியா எங்கள் கரையில் எந்தப் பெண்ணும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"உம்மாட வீட்ட உங்கட பேருக்கு எழுதித் தாறன் வாப்பா. திங்கக்கிழம அதே நொத்தாரிசுட்டப் போவம். நாங்க முன்னறைக்குப் போறம். வயல மட்டும் விக்காதீங்க."

ஜுனைடின் தலை சட்டெனத் திரும்பியது. அந்த வீட்டைப் பார்த்துத்தான் அவனுடைய உம்மா இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டினாள். அவன் வாயைத் திறந்தான். மாமனாரின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். அவனைப் பற்றி இதுவரை பத்து அத்தியாயங்களாகச் சொன்ன எல்லாக் குறைகளுக்கும் இது ஈடு.

"என்ட பேருக்கா?" என்றார் சேர்.

"ஓம்."

"வீட்டையா?"

"ஓம் வாப்பா. உங்கட வீடுதானே."

அவர் நீலக்கதவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல்தடவையாக, அந்தக் கதவு அவருக்கு வெறும் கதவாகத் தெரிந்திருக்க வேண்டும். மாடியில் ஒரு வெள்ளைக்காரி வந்து துவாயை உதறினாள். அவள் யார் என்று யோசிக்கிறவர்போல அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"அப்ப வயல விக்கத் தேவல்லத்தான்" என்றார் மெல்ல. "நொத்தாரிசுக்கு ஒரு சொல்லுச் சொல்லிட்டா..."

நஸ்லியா அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது சட்டைப்பை செருமியது.

"மாஷா அல்லாஹ்" என்றது சட்டைப்பை, அழுகையின் சுவடே இல்லாமல். "நல்ல புள்ள வளத்து ஈக்கிறீங்க சேர். மகள், அந்த வீட்டுக் காணி எத்தின பேர்ச் ஈக்கிது?"

ஜுனைட் பாய்ந்து கையை நீட்டினான். ஆனால் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. விடையை உள்ளே வைக்காமல் அன்று கேட்கப்பட்ட முதல் கேள்வி. பளீல் சேரோ, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது ஒழுக்கமல்ல என்று ஒரு தலைமுறைக்கே கற்பித்தவர்.

அவர் நாடியைத் தாழ்த்தி, பைக்குள் தெளிவாகக் கேட்கும்படி சொன்னார்.

"பதினெட்டரை. கிணறும் சேத்து."